பொங்காலை நாளில் போட்ட நட்சத்திரங்கள்

பொங்காலைக்குச் சில நாட்கள் முன்பே எங்கள் தெருவில் செங்கற்கள் இறங்கிவிடும். திருவனந்தபுரத்து வலியசாலையிலிருந்து ஆற்றுக்கால் பகவதி கோயில் நடந்து போகிற தூரம்தான். கும்ப மாதத்துப் பூரத்தன்று கோயிலைச் சுற்றியுள்ள எல்லாத் தெருக்களிலும் பெண்கள் அடுப்புக் கூட்டிப் பொங்கலிடுவார்கள். இடம் பிடிக்க ஒரு முறை உண்டு. மூன்று கல்லை முக்கோணமாக வைத்து, ஒரு கல்லின் மேல் சாக்கட்டியால் பெயர் எழுதிவிட்டுப் போக வேண்டும். அதன் பிறகு அந்த இடம் அந்தப் பெயருக்குரியது. குழாயடியில் குடத்தை நகர்த்திச் சண்டை போடுகிறவர்கள்கூடப் பெயர் எழுதிய கல்லை நகர்த்த மாட்டார்கள்.

அந்த வருடம் எங்கள் வாசலுக்கு நேர் எதிரே இருந்த கற்களில் என் அலுவலகத்தில் வேலை செய்யும் ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. பக்கத்துக் கற்களில் அவள் அம்மாவின் பெயர். இரண்டையும் எழுதியவன் நான். இடம் பிடிப்பதற்காக மட்டும் மலையடிவாரத்து வித்துராவிலிருந்து ஒரு முறை வந்து போவது அவர்களுக்குச் சிரமம் என்பதால், கல்லை நானே போட்டு வைக்கிறேன் என்று சொல்லியிருந்தேன். எழுத்து அழகாக வரவேண்டுமென்று இரண்டு தடவை அழித்து எழுதினேன்.

அவள் பொன்முடி மலையில், எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். அம்மா தேயிலை கிள்ளியே முட்டி தேய்ந்தவர். அவர் ஓய்வு பெற்றதும் மகள் வித்துராவில் ஒரு வீடு வாடகைக்குப் பிடித்து அம்மாவைக் கீழே இறக்கி வைத்துக்கொண்டாள். காலையில் பஸ் பிடித்து நெடுமங்காடு வழியாகக் கழக்கூட்டத்தில் இருக்கும் எங்கள் அலுவலகத்துக்கு வருவாள், இருட்டுவதற்குள் திரும்பிவிடுவாள். அலுவலகத்தில் எல்லாரும் என்னைச் சேட்டா என்று கூப்பிட, அவள் மட்டும் அண்ணாச்சி என்பாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையேறிய குடும்பம். அந்தச் சொல் அவளிடம் மிச்சமிருந்தது.

எங்கள் நிறுவனம் வெளிநாட்டுப் பஸ் கம்பெனி ஒன்றுக்கு நேர அட்டவணை மென்பொருள் எழுதுகிறது. எழுதுகிறவர்கள் அவளைப் போன்றவர்கள். நான் நிரல் எழுதத் தெரியாதவன். என் வேலை அதற்குரிய குறிப்புகளைச் செப்பனிடுவது. நிரலின் ஒவ்வொரு பகுதிக்கும் மேலே, அது என்ன செய்யும், என்ன கொடுத்தால் என்ன திருப்பித் தரும் என்று மனித மொழியில் சில வரிகள் இருக்கும். அவற்றைத் திரட்டி ஓர் இயந்திரம் இணையப் பக்கங்களாக்கும். குறிப்பும் நிரலும் ஒரே கோப்பில் குடியிருப்பதால், அலங்காரங்கள் கண்ணை உறுத்தாதபடி மெலிதாக இருக்க வேண்டும். ஒரு சொல்லின் இரண்டு பக்கமும் நட்சத்திரக்குறி போட்டால் தடித்த எழுத்து, வரியின் தொடக்கத்தில் சிறு கோடு போட்டால் பட்டியல், வேலிக்குறி போட்டால் தலைப்பு. அவ்வளவுதான். இயந்திரம் தொடாத நிலையிலும் ஒருவர் படித்துப் புரிந்துகொள்ளலாம். கல்வெட்டுத் தொகுதிகளையும் பழைய அரசாங்க அறிக்கைகளையும் படித்து வளர்ந்த எனக்கு இந்தச் சிக்கனம் பிடித்துப்போயிற்று. வலியசாலைத் தெருவின் வரலாற்றை நான் ஓய்வு நேரத்தில் எழுதி வருவதும் இதே குறிகளில்தான். தெருவுக்குக் குழாய் வந்தது, குளத்துக்குக் கம்பி போட்டது, விளக்குக் கம்பம் மாறியது என்று ஒவ்வொன்றுக்கும் தேதி போட்டு, கீழே ஒரு நட்சத்திரம் வைத்து, யார் சொன்ன தகவல் என்று எழுதுவேன். சொன்னவர் பெயர் தெரியாவிட்டால் சேர்க்க மாட்டேன்.

அவள் குறிப்பு எழுதினால் நான் திருத்த ஒன்றும் இருக்காது. ஒரு பகுதியின் தலையில் அவள் எழுதியிருந்ததன் சாரம் இது: இங்கே வருவது வண்டி புறப்படும் நேரம், போய்ச் சேரும் நேரமல்ல. சமவெளியில் ஒன்றிலிருந்து மற்றதைக் கணக்கிட்டுவிடலாம். மலைப் பாதையில் அப்படிச் செய்யாதீர்கள். இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். வெளிநாட்டுக்காரர்கள் அந்தக் குறிப்பைப் பாராட்டி எழுதியிருந்தார்கள். "ஊசி வளைவுல பஸ்ஸுக்குக் காத்துக் கிடந்தவளுக்கு இதுகூடத் தெரியலன்னா எப்படி அண்ணாச்சி?" என்றாள்.

ஆனால் எங்கள் அலுவலகக் குறிப்புகள் அப்போது ஒரு பழைய குறிமுறையில் இருந்தன. எங்கு பார்த்தாலும் முக்காற்புள்ளிகளும் இரட்டைப் புள்ளிகளும். வாடிக்கையாளர் எல்லாவற்றையும் நான் சொன்ன நட்சத்திர முறைக்கு, அதாவது மார்க்டவுனுக்கு, மாற்றச் சொன்னார். அதற்கு ஒரு சிறு கருவியைத் தயாரித்து எனக்கு இயக்கக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரே ஒரு தொல்லைதான். மார்க்டவுனில் வெற்றிடத்துக்கும் பொருள் உண்டு. வரியின் முன்னால் இடம் கூடிப்போனால், சாதாரண வாக்கியத்தை அது நிரல் என்று நினைத்துப் பெட்டிக்குள் அடைத்துவிடும். ஆளுக்கு ஒரு விதமாக இடம் விட்டிருந்தார்கள். ஆகவே, குறிகளை மாற்றுவதோடு, எல்லாக் கோப்புகளிலும் எல்லா வரிகளின் முன்னிடத்தையும் ஒரே அளவாக்கிவிடுவது என்று முடிவாயிற்று. ஒரு சொல்லும் மாறாது. ஆனால் அநேகமாக எல்லா வரிகளையும் கருவி தொடும். வேறு யாரும் வேலை செய்யாத நாளாக இருந்தால் நல்லது. பொங்காலை நாளில் திருவனந்தபுரத்தில் அலுவலகமும் கிடையாது, சாலையும் கிடையாது. அந்த நாளை நான் எடுத்துக்கொண்டேன்.

காலையிலிருந்தே தெருவில் புகை. ஜன்னலைச் சாத்திவிட்டு, கூடத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தேன். வாசலில் என் மனைவியும் அவளும் அவள் அம்மாவும் ஒரே வரிசையில் பானை வைத்திருந்தார்கள். மஞ்சள்பொடி கேட்டு அவள் உள்ளே எட்டிப்பார்த்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அண்ணாச்சி, உங்க அடுப்பு பத்திக்கிச்சா?"

"உன் கோப்புதான் ஓடிக்கிட்டிருக்கு."

"என் பானை பொங்குறதுக்குள்ள முடியுமோ?"

"பந்தயமா?"

"தோத்தா உங்களுக்குப் பாயசம் கெடையாது, கேட்டோ."

"அதென்ன பேச்சு? வீட்டுக்காரருக்கு இல்லாத பாயசமா?" என்று வெளியிலிருந்து அவள் அம்மாவின் குரல்.

கருவி வேலையை முடித்தபோது தெருவில் குரவையொலி எழுந்தது. ஒரு பானை பொங்கினால் அதைச் சுற்றியுள்ளவர்கள் எல்லாரும் குரவையிடுவார்கள். அது யாருடைய பானை என்று எனக்குத் தெரியாது. நான் சரிபார்த்து, மாற்றங்களை என் பெயரில் சேர்த்துவிட்டு வெளியே வந்தேன். அவள் பானையின் விளிம்பில் நுரை வழிந்துகொண்டிருந்தது. பந்தயம் சமம் என்று தீர்ப்பாகி எனக்கும் ஓர் இலைத்துண்டில் பாயசம் கிடைத்தது. சாயங்காலம் மாநகராட்சி வண்டி வந்து கற்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போயிற்று.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஏதாவது வரி புரியவில்லையென்றால், அந்தக் கோப்பைப் பெயர்களோடு திறப்பார்கள். ஒவ்வொரு வரியின் இடப்பக்க ஓரத்திலும், அதைக் கடைசியாகத் தொட்டவர் பெயரும் தேதியும் தெரியும். அவரைப் போய்க் கேட்பார்கள். பொங்காலைக்கு மறுநாள் நான் அப்படித் திறந்து பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை என் பெயர். பஸ் புறப்படும் நேரத்தைக் கணக்கிடும் வரிகளுக்கும், மலைப் பாதை பற்றிய அந்தக் குறிப்புக்கும் என் பெயர். நான் போட்டது நட்சத்திரங்களும் வெற்றிடங்களும்.

இது எதிர்பாராததல்ல. இதற்குப் பரிகாரமும் ஏற்கனவே உண்டு. இப்படிப்பட்ட ஒட்டுமொத்த மாற்றத்தின் அடையாள எண்ணை ஒரு சிறிய கோப்பில் எழுதி வைத்தால் போதும். அதன் பிறகு பெயர்க் காட்சி அந்த மாற்றத்தைக் கண்ணாடியைப் போல ஊடுருவி, முன்பு எழுதியவர் பெயரைக் காட்டும். ஒரு வரி வேலை. கருவியைக் கற்றுக்கொடுத்தவர்கள் அதையும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அந்த வாரமே செய்வதாக இருந்தேன்.

செய்யவில்லை. வேலை நெருக்கடி என்று காரணம் வைத்திருந்தேன். அது முழு உண்மையல்ல. இளைஞர்கள் என் மேசையைத் தேடி வரத் தொடங்கியிருந்தார்கள். "சேட்டா, இந்த வரி எந்தா?" என்று கேட்பார்கள். பல வருடங்கள் அங்கே காற்புள்ளி திருத்திக்கொண்டிருந்தவனிடம் யாரும் அப்படி வந்து நின்றதில்லை. நான் கேன்டீனில் அவளைப் பிடித்துக் கேட்டு, திரும்பி வந்து பதில் சொல்வேன்.

"உங்க பேர்ல என் மூளை ஓடுது அண்ணாச்சி. வாடகை எப்ப தருவீங்க?" என்று அவள் சிரித்தாள்.

"அடுத்த வாரம் மாத்திடுறேன்."

"மெதுவா மாத்துங்க. என்கிட்ட நேரா வந்தா நான் கடிப்பேன்னு பயலுகளுக்குப் பயம். இப்ப நிம்மதியா இருக்கு."

எங்கள் கோயில் மண்டபத்துக்கு வெள்ளையடித்த ஒருவர் தன் பெயரைப் பெரிதாக எழுதிவைத்ததற்காக, கட்டியவர் பெயர் எங்கே என்று உற்சவ நேரத்தில் சண்டை போட்டவன் நான். அது நினைவுக்கு வராமலில்லை. வந்தது, போயிற்று.

இடவப்பாதி என்கிற பருவமழை தொடங்கிய வாரத்து வெள்ளிக்கிழமை மேலாளர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். என்னைவிட வயதில் இளையவர், கோட்டயத்துக்காரர். என்னிடம் மலையாளத்தில் தொடங்கித் தமிழில் முடிப்பார்.

"சேட்டா, இரிக்கூ. டென்ஷன் வேண்டா. சேட்டன் சேஃப் ஆணு."

நாற்காலியைக் காட்டினார். என் வேலைக்கு ஆபத்தில்லை என்று எதற்குச் சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. திரையை என் பக்கம் திருப்பினார். ஆட்களின் பெயர்களும் பக்கத்தில் பட்டைகளும் இருந்தன. மற்ற பட்டைகளையெல்லாம் விட என் பட்டை நீளமாக இருந்தது.

"கிளையண்ட் ஒராளைக் குறைக்கச் சொல்லிட்டாங்க. ஞான் எந்து செய்யும்? யார் பேர்ல எத்தனை வரி இருக்குன்னு எடுத்துப் பார்த்தேன். சேட்டன்தான் ஃபர்ஸ்ட்! ஞெட்டிப் போயி, அசந்துட்டேன். நிரல் அறியாதுன்னு சொல்லிட்டு இத்தனை வேலை செஞ்சிருக்கே?"

பட்டியலின் கடைசியில் அவள் பெயர் இருந்தது. பொங்காலைக்குப் பிறகு மற்றவர்கள் புதிதாக எழுதினார்கள், அவள் அவர்கள் எழுதியதைச் சரிபார்ப்பதிலேயே இருந்தாள். பட்டை இருந்ததா என்றுகூடச் சொல்ல முடியாது.

"அந்தப் பொண்ணு..."

"நல்ல குட்டியாணு. ஆனா கணக்கு இதல்லே? திங்களாழ்ச்ச பெஞ்சுக்கு விடுறேன். கிளையண்ட் முடிவுன்னு சொன்னா போதும். கணக்கெல்லாம் காட்டி வேதனிப்பிக்க வேண்டா."

பெஞ்சு என்றால் கையில் வேலையில்லாமல் காத்திருப்பது. வேறு திட்டத்தில் இடம் கிடைத்தால் உண்டு. இல்லையென்றால் கொஞ்ச நாளில் ராஜினாமாக் கடிதம் கேட்பார்கள். அவளுக்கு வேறு வேலை கிடைக்காது என்றில்லை. பெங்களூரில் கிடைக்கும், சென்னையில் கிடைக்கும். வித்துராவிலிருந்து போய்வரக் கிடைக்காது. அம்மா வித்துராவில் இருக்கிறார்.

அந்த அறையிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஒரு வாக்கியம் போதும். "இது நான் எழுதியதல்ல, நட்சத்திரம் மட்டும் போட்டேன்." ஆனால் என் வாயில் வந்தது, "சரி."

இடத்துக்கு வந்து உட்கார்ந்ததும் முதல் காரியமாக அந்தச் சிறிய கோப்பை எழுதினேன். பொங்காலை நாள் மாற்றத்தின் எண்ணைத் தேடியெடுத்து, மேலே ஒரு விளக்க வரியும் போட்டு, என் கணினியில் சேர்த்து வைத்தேன். எழுதுவது வேறு, அனுப்புவது வேறு. அனுப்பினால்தான் எல்லாருக்கும் தெரியும். அனுப்புவதற்கு முன் என் கணினியில் மட்டும் ஒரு முறை பார்த்தேன். கோப்பு முழுவதும் அவள் பெயர் திரும்பி வந்திருந்தது. என் பெயர் அங்கங்கே சில வரிகளில், மழைக்கு முந்தின தூறல் போல இருந்தது. அதைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. இந்த வயதில் என்னை யார் எடுப்பார்கள்?

திங்கட்கிழமை மதியம் கேன்டீனில் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"பெஞ்சாம் அண்ணாச்சி. பள்ளிக்கூடத்துலகூட என்னை பெஞ்சு மேல நிக்க வச்சதில்ல."

"என்ன சொன்னாரு?"

"கிளையண்ட் முடிவாம். மலைப்பாதைக் குறிப்பு நல்லாயிருக்குன்னு எழுதினவனேதான், பாத்துக்கோங்க. இப்ப நான் வேண்டாமாம்." அப்பளத்தை ஒடித்து என் தட்டில் பாதி வைத்தாள். "என்ன, நீங்க சாப்பிடாம இருக்கீங்க? பெஞ்சு எனக்குத்தானே?"

நான் அப்பளத்தைத் தின்றேன்.

வியாழக்கிழமை மறுபடி கேன்டீனில், அம்மா மூட்டை கட்டத் தொடங்கிவிட்டதாகச் சொன்னாள். எஸ்டேட்டில் மழைக்காலத்துக்குத் தற்காலிக ஆள் எடுக்கிறார்களாம். பழைய லயத்தில் கூட்டாளி ஒருத்தியின் வீட்டில் தங்கிக்கொள்ளலாமாம். "'நீ பெங்களூரு போ, நான் மேல போறேன். யாருக்கும் யாரும் பாரமில்ல'ங்கா."

"முட்டியை வச்சுக்கிட்டு மலை ஏறிக் கிள்ள முடியுமா?"

"முட்டிகிட்ட யாரு கேட்டா?"

அன்று வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டே கேட்டாள்.

"எழுதியாச்சா இல்லையா?"

"எழுதியாச்சு."

"அப்ப அனுப்ப வேண்டியதுதானே? எழுதினதையே எத்தனை நாள் பாத்துக்கிட்டிருப்பீங்க?"

"என் வேலை போகலாம்."

"போனா போகுதுன்னு நான் சொல்ல மாட்டேன். பயமாத்தான் இருக்கு." தண்ணீரை வடித்தாள். "ஆனா வர்ற வருசம் அவ வாசல்ல வந்து மஞ்சப்பொடி கேட்டா, நான் எந்த மூஞ்சியோட எடுத்துக் குடுக்க?"

அப்போதும் வெள்ளிக்கிழமை அனுப்பவில்லை. சனி, ஞாயிறு விடுமுறை. திங்கட்கிழமை மேலாளர் ஊரில் இல்லை என்பதை ஒரு காரணமாக்கிக்கொண்டேன். மிதுன மாதம் பிறந்த மறுநாள், செவ்வாய்க்கிழமை காலையில் அனுப்பினேன்.

பொங்காலை நாளில் ஓடியதைப் போல முன்கூட்டியே முடிவானவை தவிர, எங்களிடம் எந்த மாற்றமும் இன்னொருவர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் சேரும். பார்ப்பவர் அந்தக் கோப்புகளை அறிந்தவராக இருக்க வேண்டும். அவளைத் தவிர யாரைப் போடுவது? பெஞ்சில் இருந்தாலும் அவள் பெயரைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் எழுந்து என் மேசைக்கு வந்தாள். முதல் தடவையாக அண்ணாச்சி என்று கூப்பிடாமல் பேசினாள்.

"வெள்ளிக்கிழமையே எழுதியாச்சு போல."

ஒவ்வொரு மாற்றத்துக்கும் எங்கள் இயந்திரம் இரண்டு தேதிகளை வைத்துக்கொள்ளும். ஒன்று எழுதிய தேதி, மற்றது சேரும் தேதி. எழுதிய தேதியை மாற்றவும் முடியும். அன்று காலையில் அதை மாற்றலாமா என்று நினைத்தேன். மாற்றவில்லை. அதை நேர்மை என்று சொல்லிக்கொள்ள எனக்கு வாயில்லை. தேதியைத் திருத்தி எனக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

"எந்த வெள்ளின்னு பாத்தேன்," என்றாள். "போன வெள்ளி இல்ல. அதுக்கு முந்தினது. எனக்குச் சொல்றதுக்கு முன்னாடி."

"ஆமா."

"கிளையண்ட் முடிவு இல்ல, அப்ப?"

"இல்ல. வரி எண்ணிப் பாத்திருக்காரு. என் பேர்ல இருந்ததெல்லாம் உன்னோடது."

கண்ணாடிக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நேத்துக் காலைல அம்மா மேல போயாச்சு," என்றாள். "பஸ் ஏத்திவிட்டுட்டுத்தான் ஆபீஸ் வந்தேன்."

அவள் தன் இடத்துக்குப் போனாள். பிறகு என் திரையில் அவளுடைய குறிப்பு வந்தது. மாற்றம் சரிதான், ஆனால் கோப்பின் கடைசி வரிக்குப் பிறகு வரி முறிவு விடவில்லை, விட்டுவிட்டு மறுபடி அனுப்புங்கள் என்று எழுதியிருந்தாள். எப்போதும் எல்லாரிடமும் அவள் சொல்லுகிற திருத்தம் அது. விட்டேன். அனுப்பினேன். ஒப்புக்கொண்டாள்.

மேலாளரிடம் நானே போனேன். புதிய கணக்கை எடுத்துப் பார்த்தார். முதல் பட்டை அவளுடையதாக இருந்தது.

"சேட்டா, இது ஆத்மஹத்யை ஆணு, கேட்டோ," என்றார். "இது நேரத்தே பறஞ்ஞுகூடே? பாவம், அந்தக் குட்டியை ஞான் எத்தனை கஷ்டப்படுத்திட்டேன்!"

முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்று இரண்டு தடவை கேட்டார். அந்த வாரமே அவளைத் திட்டத்தில் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். என்னை வெளியே அனுப்பவில்லை. எந்தத் திட்டத்திலும் சேராத பொது ஆள் என்று ஒரு பிரிவில் போட்டார்கள். இன்றுவரை அதில்தான் இருக்கிறேன். யார் கூப்பிட்டாலும் போய் நட்சத்திரம் போட்டுக் கொடுக்கிறேன்.

அம்மா கீழே வரவில்லை. மகள் மேலே போய் அழைத்துப் பார்த்தாள். வேலைக்குச் சேர்ந்துவிட்டு உடனே போனால் சொல்லிச் சேர்த்துவிட்டவளுக்குக் கெட்ட பெயர், மழைக்காலம் முடியட்டும் என்றாராம். மழைக்காலம் முடிந்தது. குளிர் முடியட்டும் என்றாராம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பொன்முடி பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். திங்கட்கிழமைகளில் நான் விசாரிப்பேன். "நல்லாத்தான் இருக்கா. பேச ஆள் இருக்குல்ல, மேல," என்பாள். அது உண்மையா, எனக்காகச் சொன்னதா என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணாச்சி என்ற சொல் மெல்லத் திரும்பி வந்திருந்தது. ஆனால் வேறு யார் அனுப்பினாலும் வரிகளை மட்டும் பார்க்கிறவள், நான் அனுப்புகிறவற்றில் மட்டும் முதலில் தேதியைப் பார்க்கிறாள். அது எனக்குத் தெரியும்.

அடுத்த கும்பம் வந்தது. "கல் போட்டு வைக்கட்டுமா?" என்று தயங்கிக் கேட்டேன்.

"போடுங்க அண்ணாச்சி. அம்மாவுக்கும் சேத்து. வாரேன்னு சொல்லியிருக்கா."

போன வருடத்து இடத்திலேயே கல் வைத்துப் பெயர் எழுதினேன்.

அம்மா வந்தபோது நடையே மாறியிருந்தது. குந்தி உட்கார முடியவில்லை. என் மனைவி உள்ளேயிருந்து ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கொண்டுவந்து போட்டாள். பானையில் அரிசியைப் போட்டுவிட்டு, வாசற்படியில் நின்ற என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அய்யா, நீங்க நல்லாருக்கணும். எம் மவ வேலைய நீங்கதான் திருப்பி வாங்கிக் குடுத்தீங்களாமே."

"அது அப்படி இல்லம்மா. நான்தான்..."

"அம்மா, பானையப் பாரு," என்றாள் மகள், திரும்பாமலே. ஓலையை அடுப்பில் திணித்துக்கொண்டிருந்தாள்.

"அவரப் பேச விடேன்டி."

"அண்ணாச்சி உடனே பேச மாட்டாரு. எழுதி வச்சிட்டு ஒன்றரை வாரம் கழிச்சு அனுப்புவாரு."

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் குரலைக் கேட்டு அவரும் சிரித்தார். என் மனைவி சிரிக்கவில்லை. அதற்குள் பானை பொங்கிவிட, தெருவெல்லாம் குரவை. இலைத்துண்டில் பாயசத்தை வைத்து அம்மாதான் என் கையில் கொடுத்தார். "சூடு, மெள்ள" என்றார்.

பிற்பகல் பூசை முடிந்ததும் மகள் பஸ்ஸில் இடம் பிடிக்கக் கிழக்கேகோட்டைக்கு முன்னால் ஓடினாள். அம்மாவை நான் மெதுவாக அழைத்துப் போனேன். பானை என் கையில் இருந்தது. பாதி காலியாகி இன்னும் சூடு குறையாத மண்பானை. சாலை முழுவதும் பெண்கள், கரிந்த கற்கள். நாலைந்து அடிக்கு ஒரு தடவை அவர் நின்று முட்டியைப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது முறை நின்றபோது நான் சொன்னேன். நிரலையும் நட்சத்திரங்களையும் பற்றியெல்லாம் சொல்லவில்லை. உங்கள் மகளின் வேலை என்னால்தான் போகப் பார்த்தது, அதைத் தடுக்க ஒரு வரி போதும், அதை ஒரு வெள்ளிக்கிழமை எழுதினேன், அனுப்பவில்லை, நீங்கள் மேலே போன மறுநாள்தான் அனுப்பினேன் என்றேன்.

அவர் முட்டியிலிருந்து கையை எடுத்தார். கொஞ்ச தூரம் நடந்தார்.

"வெள்ளிக்கிழமையே அனுப்பியிருந்தா நான் மேல போயிருக்க மாட்டேன், என்னா?"

"மாட்டீங்க."

"ம்."

பஸ் நிலையத்தின் இரைச்சல் கேட்கத் தொடங்கியிருந்தது. ஒரு ஜன்னலிலிருந்து மகள் கையை வீசிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அம்மா நின்று, என் பக்கம் இரண்டு கைகளையும் நீட்டினார்.

"பானையக் குடுங்க," என்றார். "நானே கொண்டு போய்க்கிடுதேன்."